மனைச்செவ்வாலி: பாறையிலிருந்து கூரைக்கு வந்த பாடற்பறவை

 

சென்ற ஆண்டு எமது பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் 'நான் கண்ட பறவை' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வரும்படி கூறினேன். பதினான்கு கட்டுரைகள் வந்தன. அவற்றுள் எட்டு மயிலைப் பற்றியவை. நான்கு கிளியைப் பற்றியவை. எஞ்சிய இரண்டும் குயிலைப் பற்றியவை. எழுத்துப் பிழைகள் குறைவாகவே இருந்தன. ஆயினும் என் மனம் நிறைவடையவில்லை. "மயிலை எங்கே கண்டாய்?" என்று ஒரு மாணவனை வினவினேன். "புத்தகத்தில், சேர்" என்று அவன் மறைக்காமல் விடையளித்தான்.

அவ்வேளையில் எமது வகுப்பறை யன்னலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் கூரை விளிம்பிலே, சாம்பல் நிறமான சிறு பறவையொன்று நிமிர்ந்து நின்று தன் சிவந்த வாலை நடுக்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் அந்தப் பதினான்கு பேரும் அதனைக் கண்டே வந்தனர். அதனைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பதை அவர்கள் அறியார். அவர்களின் ஆசிரியனாகிய நானும் அறியேன். அந்தக் குறையைப் போக்கும் முயற்சியே இப்பாடம்.

பெயர்

ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களைக் கூறவந்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்பவற்றோடு பறவையையும் சேர்த்துக் கூறினார். குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை எனப் பின்வந்தோர் வகுத்தனர். தாம் வாழும் நிலத்தில் எப்பறவை உண்டென்று நோக்கி, அதற்குப் பெயரிட்டு, அதனைப் பாட்டினுள்ளும் கொண்டுவந்தவர்கள் நம் முன்னோர். அவ்வாறாயின் நாம் இன்று வாழும் இந்தச் சுவிற்சர்லாந்து நிலத்தின் பறவைக்கும் தமிழில் ஒரு பெயர் வேண்டுமன்றோ?

ஜேர்மன் மொழியில் இதனை 'ஹவுஸ்றொட்ஷ்வன்ஸ்' என்பர். 'ஹவுஸ்' என்றால் வீடு. 'றொட்' என்றால் சிவப்பு. 'ஷ்வன்ஸ்' என்றால் வால். அறிவியலாளர் இதற்கிட்ட பெயர் 'பீனிக்குறஸ் ஒக்குறூறஸ்' என்பது. அதன் முதற்சொல்லும் செந்நிற வாலையே குறிக்கின்றது. ஆகவே வாலைக் கொண்டே நாமும் பெயரிடலாம் என வகுப்பில் முடிவு செய்தோம். செம்மை என்பதும் வால் என்பதும் சேர்ந்தால் செவ்வால் ஆகும். செவ்வானம், செவ்வாழை என்பவை போல. 'செவ்வால்' என்று மட்டும் கூறிச் சிவந்த வாலையுடைய பறவையைக் குறித்தால் அது அன்மொழித்தொகை. அதனோடு இகரத்தைச் சேர்த்து, முன்னே மனையையும் வைத்து, 'மனைச்செவ்வாலி' என்றாள் ஒரு மாணவி. இது நூல்களிற் கண்ட பெயரன்று. எமது வகுப்பறையிற் பிறந்த பெயர்.

உடனே பின்வரிசையிலிருந்து ஒரு வினா எழுந்தது: "சேர், இது பாறையில் வாழும் பறவை என்று சொன்னீர்கள். பாறைப் பறவைக்கு மனை என்று பேர் வைக்கலாமோ?" நல்ல வினா. அதற்கு விடை கூற வேண்டுமாயின் இப்பறவையின் வாழ்க்கையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தோற்றம்

மனைச்செவ்வாலி ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் நீளமுடையது; சிட்டுக்குருவியைவிட மெலிந்த உடல்வாகு கொண்டது. ஐந்து பிராங் நாணயமொன்றின் எடை 13.2 கிராம். இப்பறவையின் எடை அதனினும் ஒரு சில கிராமே கூடியது. ஆணின் முகமும் மார்பும் கரி பூசியவை போன்று கறுத்திருக்கும். முதுகு கருஞ்சாம்பல் நிறமானது. இறகில் வெண்ணிறத் திட்டு ஒன்று தெரியும். பெண்பறவை முழுவதும் மங்கிய சாம்பற் கபில நிறமுடையது. ஆனால் இருபாலுக்கும் வால் ஒன்றே: துருப்பிடித்த இரும்பின் செந்நிறம்.

ஓராண்டு நிறைந்த இளம் ஆண்களிற் பல, பெண்ணின் நிறத்துடனேயே காணப்படும். ஆயினும் அவை பாடும். சோடி சேர்ந்து குஞ்சும் வளர்க்கும். ஆகவே சாம்பல் நிறப் பறவை ஒன்று கூரைமேல் நின்று பாடக் கண்டால் வியப்படைய வேண்டாம். அது கரிய ஆடை இன்னும் கிடைக்காத இளைஞன்.

இப்பறவையை அடையாளம் காண்பதற்கு நிறத்தைவிட அதன் பழக்கமே சிறந்த சான்று. அது ஓரிடத்தில் நின்றவுடன் உடலை ஒருமுறை தாழ்த்தி நிமிரும். பின்னர் வாலை விரைவாக நடுக்கும். வாலாட்டிக்குருவி தன் வாலை மேலும் கீழுமாக நிதானமாக அசைக்கும். செவ்வாலியின் வாலோ குளிரில் நடுங்குவது போல அதிரும்.

இது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊரில் எங்கள் வேலிகளிலும் வளவுகளிலும் விடியற்காலையிற் பாடும் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சானும் இக்குடும்பத்தையே சேர்ந்தது. எனவே இதனை முற்றிலும் அந்நியமான பறவை என்று கருத வேண்டியதில்லை. மேலும் இவ்வினத்தின் கிழக்குப் பிரிவொன்று இமயமலையிலும் திபெத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இந்தியாவின் சமவெளிகளுக்கு இறங்குகின்றது. அப்பிரிவின் ஆணுக்கு வயிறும் செங்கல் நிறமாக இருக்கும்.

பாறையும் வீடும்

மனைச்செவ்வாலியின் ஆதி வாழிடம் மலை. செங்குத்தான பாறைச் சுவர்களும், உடைந்து சரிந்த கற்குவியல்களும், இடையிடையே சிறிது புல்லும் உள்ள வெளிகளையே அது நாடும். அடர்ந்த காட்டில் அது வாழாது. அல்ப்ஸ் மலையில் மரங்கள் வளரும் எல்லையைக் கடந்து, 3000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலும் அது கூடு கட்டுகின்றது.

இத்தகைய மலைப்பறவை நகரத்துக்கு வந்தது எவ்வாறு? கடந்த சில நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் ஊர்களும் நகரங்களும் கல்லாலும் செங்கல்லாலும் பெருகின. ஆலயக் கோபுரங்கள், தொழிற்சாலைகள், புகையிரத நிலையங்கள், பாலங்கள் எழுந்தன. மனிதனுக்கு அவை கட்டடங்கள். ஆனால் இப்பறவையின் கண்ணுக்கு அவை எவ்வாறு தோன்றியிருக்கும் என்று சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். உயர்ந்த சுவர் செங்குத்துப் பாறை ஆயிற்று. கூரைக்குக் கீழுள்ள வளைமரமும் சுவரின் வெடிப்பும் பாறைப் பொந்து ஆயின. புகைபோக்கியின் உச்சி, பாடுவதற்குரிய பாறை முனை ஆயிற்று. முற்றமும் சரளைக்கல் பரவிய தண்டவாள ஓரமும் பூச்சி பிடிக்கும் வெளி ஆயின. அது தன் இயல்பை மாற்றிக்கொண்டு நகரத்துக்கு வரவில்லை. தான் தேடும் நான்கு பொருள்களும் ஓரிடத்தில் இருக்கக் கண்டு வந்தது.

இன்று சுவிற்சர்லாந்தில் மலையுச்சியின் பாறையிலும் இப்பறவையைக் காணலாம். அடுக்குமாடி வீடுகளின் தொலைக்காட்சிக் கம்பத்திலும் காணலாம். ஜேர்மனியில் 2025ஆம் ஆண்டுக்குரிய பறவையைத் தெரிவதற்காக இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் பொதுமக்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் மனைச்செவ்வாலியே முதலிடம் பெற்றது.

இடிபாடுகளில் ஒரு பாடகன்

இங்கிலாந்தில் இப்பறவையின் வரலாறு வேறுவிதமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கு அது அரிதான விருந்தாளியாகவே இருந்தது. 1920களில் தென்கடற்கரைப் பாறைகளிற் சில சோடிகள் கூடு கட்டின. 1924, 1925ஆம் ஆண்டுகளில் இலண்டனின் வெம்பிளியில் ஒரு மாபெரும் கண்காட்சி நடைபெற்றது. அது முடிவுற்று, மண்டபங்கள் வெறுமையாகிக் கிடந்தபோது, 1926ஆம் ஆண்டு தொடக்கம் சில சோடிகள் அவற்றிற் குடியேறின.

பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940ஆம் ஆண்டு செப்ரெம்பர் தொடக்கம் 1941ஆம் ஆண்டு மே வரை இலண்டன் மீது குண்டுகள் வீசப்பட்டன. நகரின் நடுப்பகுதியில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் வீழ்ந்தன. கூரையற்ற சுவர்களும் கற்குவியல்களும் எஞ்சின. அடுத்துவந்த கோடைகளில் அக்கற்குவியல்களின்மேல் இளஞ்சிவப்புப் பூக்களையுடைய காட்டுச் செடிகள் வளர்ந்தன; அவற்றைத் தேடிப் பூச்சிகள் வந்தன. பூச்சிகளைத் தேடி மனைச்செவ்வாலிகள் வந்தன. இடிந்த சுவர்களின் உச்சியில் நின்று அவை பாடின. வெடிப்புகளிற் குஞ்சு பொரித்தன.

இச்செய்தியை முதன்முதலாகப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். நான் கற்பித்த வன்னிப் பாடசாலையின் கூரை 2009ஆம் ஆண்டில் இல்லாமற் போயிற்று. முகாமிலிருந்து வெளிவந்தபின் ஒரே ஒருமுறை அங்கு சென்றேன். கரும்பலகை இருந்த சுவரின் பிளவொன்றில் மைனா ஒன்று வைக்கோல் செருகிக்கொண்டிருந்தது. அன்று அக்காட்சி எனக்கு ஆறுதல் தரவில்லை, கோபமே வந்தது. பறவைக்கு இடிபாடும் பாறையும் ஒன்றே. மனிதனுக்கு அவை ஒன்றாக மாட்டா. இப்பாடத்தைக் கற்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். இடிபாட்டிற் பறவை பாடியது என்பதனால் இடித்தது நன்று என்று ஆகிவிடாது.

போருக்குப் பின் இலண்டன் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. வெற்றிடங்கள் மறையவே இப்பறவைகளும் மின் நிலையங்களுக்கும் பழைய தொழிற்சாலைகளுக்கும் புகையிரத வளவுகளுக்கும் ஒதுங்கின. இன்றும் பிரித்தானியாவில் இவை மிகச் சிலவே கூடு கட்டுகின்றன. 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அங்கு இதற்குச் சிறப்புப் பாதுகாப்பு உண்டு. இலண்டனில் சில புதிய கட்டடங்களின் தட்டையான கூரைகளிற் கல்லும் செங்கற் துண்டுகளும் பரப்பி, காட்டுச் செடிகள் வளரவிட்டு, இப்பறவைக்கென இடம் ஒதுக்கியுள்ளனர்.

பாட்டு

மனைச்செவ்வாலியின் பாட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் விரைவான சில சீழ்க்கை ஒலிகள். சிறு இடைவெளிக்குப் பின், கடதாசியைக் கையிற் கசக்குவது போன்ற, அல்லது சரளைக்கல்லிற் கால் பதிவது போன்ற ஒரு கரகரப்பு. இறுதியில் மீண்டும் சில சீழ்க்கைகள். அந்த நடுப்பகுதி பறவையின் தொண்டையிலிருந்து வருகின்றது என்பதை முதன்முறை கேட்போர் நம்ப மாட்டார்கள். ஞாயிறு எழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னரே, பிற பறவைகள் விழித்தெழுமுன், இது பாடத் தொடங்கிவிடும். இலையுதிர் காலத்திலும், பயணம் புறப்படுமுன், சில நாள்கள் பாடுவதுண்டு.

நான் இந்நாட்டுக்கு வந்த பின் முதல் வசந்தகாலம் அது. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம். மலையடிவாரத்து ஊரொன்றில் அகதிகள் தங்குமிடத்தில் ஐவர் ஓர் அறையில் இருந்தோம். விடிவதற்கு நெடுநேரம் முன்னர், யன்னலுக்கு வெளியே சரளைக்கல்லில் எவரோ நடந்து வந்து நிற்பது போன்ற ஓசை கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். மீண்டும் அதே ஓசை. அருகிற் படுத்திருந்த தம்பியும் எழுந்துவிட்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவ்வாறு மூன்று நாள்கள் கழிந்தன. நான்காம் நாள் வெளிச்சம் வரும்வரை காத்திருந்து வெளியே சென்று பார்த்தேன். புகைபோக்கியின்மேல் கரிய பறவையொன்று நின்றது. அதன் வாய் திறந்தது. அக்காலடி ஓசை பிறந்தது.

கட்டடப் பராமரிப்பாளரான முதியவர் என் வியப்பைக் கண்டு சிரித்து, அதன் பெயரை மும்முறை சொல்லித் தந்தார். அதனை என் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அதுவரை நான் அறிந்திருந்த ஜேர்மன் சொற்கள் யாவும் அலுவலகங்களிலும் படிவங்களிலும் கண்டவை. அவற்றுக்கு வெளியே நான் கற்ற முதற்சொல் இப்பறவையின் பெயரே. அதன் பின்னர் அந்த ஓசை கேட்டால் நாங்கள் எழுந்து உட்காரவில்லை. "செவ்வால் வந்திட்டுது" என்று கூறிப் போர்வையை இழுத்துக்கொள்வோம்.

உணவு

பூச்சிகளும் சிலந்திகளும் புழுக்களுமே இதன் முதன்மை உணவு. வேலிக்கம்பம், கற்சுவர், கூரை விளிம்பு போன்ற ஓர் உயரமான இடத்தில் நின்று நிலத்தை உற்றுநோக்கும். இரை அசைந்தவுடன் கீழே பாய்ந்து கௌவி மீண்டும் மேலே செல்லும். சுவரில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைச் சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று எடுப்பதும் உண்டு. இலையுதிர் காலத்திற் சிறு பழங்களையும் உண்ணும்.

கூடும் குஞ்சும்

கூடு கட்டுவது பெண்ணின் வேலை. உலர்ந்த புல், பாசி, வேர் முதலியவற்றாற் கிண்ணம் போலக் கட்டி, உள்ளே மயிரும் இறகும் பரப்பும். பொந்து, சுவர் மாடம், கூரைக்குக் கீழுள்ள மரம் ஆகிய இடங்களை அது தெரிவு செய்யும். பொதுவாக நான்கு முதல் ஆறு வரையான வெண்ணிற முட்டைகளை இடும். பெண் ஏறக்குறைய இரண்டு கிழமைகள் அடைகாக்கும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் இரை ஊட்டும். குஞ்சுகள் இரண்டு கிழமையளவில், நன்றாகப் பறக்கக் கற்குமுன்னரே, கூட்டை விட்டு வெளியேறிவிடும். பெரும்பாலும் ஒரு கோடையில் இருமுறை குஞ்சு பொரிக்கும். சிலவேளை மும்முறையும் உண்டு.

இடப்பெயர்வு

ஒக்ரோபர் மாதத்திற் குளிர் தொடங்கப் பூச்சிகள் அருகிவிடும். அப்போது இப்பறவை இரவு வேளைகளிற் பறந்து, மத்தியதரைக் கடலை அண்டிய நாடுகளுக்கும் வட ஆபிரிக்காவுக்கும் செல்லும். இதன் நெருங்கிய உறவான தோட்டச் செவ்வாலி சகாரா பாலைவனத்தைக் கடந்து நெடுந்தொலைவு செல்கின்றது. மனைச்செவ்வாலியோ அண்மையிலேயே தங்குவதால் மார்ச் மாதத்தில், சில இடங்களிற் பனி உருகுமுன்னரே, திரும்பிவிடும். எமது ஆண்டு விழா முடிந்து வசந்தகால வகுப்புகள் தொடங்கும் வேளையில் கொட்டகைக் கூரையை நோக்குங்கள்.

நாம் செய்யத்தக்கவை

பழைய கட்டடங்களைத் திருத்தும்போது வெடிப்புகளும் மாடங்களும் மூடப்படுகின்றன. சரளை முற்றங்கள் தாரினால் மூடப்படுகின்றன. பூச்சிகொல்லி மருந்துகள் இரையைக் குறைக்கின்றன. ஆகவே பின்வருவனவற்றை நினைவிற் கொள்வோம்.

ஒன்று: மாடத்திலோ பல்கணியிலோ கூடு இருந்தால் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை அதனைத் தொடாதிருங்கள். குஞ்சு பொரிக்கும் பறவைகளைக் குழப்புவது இந்நாட்டிற் சட்டப்படி குற்றமுமாகும்.

இரண்டு: நிலத்திற் சிறு குஞ்சு தத்தித் திரியக் கண்டால் அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அது கைவிடப்பட்ட குஞ்சு அன்று. பெற்றோர் அண்மையில் நின்று இரை கொடுக்கும். பூனையோ வாகனமோ வரக்கூடிய இடமாயின் அருகிலுள்ள செடி மறைவில் வைத்துவிட்டு விலகிச் செல்லுங்கள். காயமுற்றிருந்தால் செம்பாக் நகரில் 1924ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பறவையியல் நிலையத்திடம் அறிவுரை கேட்கலாம்.

மூன்று: கூட்டுப்பெட்டி செய்ய விரும்புவோர் முன்பக்கம் பாதி திறந்த பெட்டியையே செய்ய வேண்டும். வட்டத் துளை மட்டும் உள்ள பெட்டியை இப்பறவை விரும்புவதில்லை. பூனை ஏற முடியாத உயரத்தில், மழை படாத சுவரில் மாட்டுங்கள்.

நிறைவாக

பின்வரிசை மாணவனின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மலையிற் பாறைமேல் நிற்பதும் எமது கொட்டகைமேல் நிற்பதும் ஒரே இனப் பறவை. இரண்டும் வாலை ஒரே விதமாக நடுக்குகின்றன. ஒரே விதமாகப் பாடுகின்றன. தங்கும் இடம் கல்லிலிருந்து கூரைக்கு மாறியது, பாட்டு மாறவில்லை. எனவே மனை என்று பெயரிட்டமையாற் பாறையை நாம் மறுத்துவிடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை அதன் பழக்கம் கூறும். இன்று எங்கு வாழ்கின்றது என்பதை அதன் பெயர் கூறும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலையும் குயிலையும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கூறுங்கள். அத்தோடு அவர்கள் நாள்தோறும் காணும் பொருள்களுக்கும் தமிழிற் பெயர் கேட்டால், "அதை டொச்சிலேயே சொல்லு" என்று விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாவிடின் இருவருமாக இருந்து ஒரு பெயரை ஆக்குங்கள். வீட்டுக்கு வெளியே உள்ளவற்றைக் கூறத் தமிழுக்குச் சொல் இல்லையென்றால், பிள்ளை நாளடைவில் வீட்டுக்குள்ளும் அதனைப் பேசாது விடும்.

இவ்வாண்டும் அதே தலைப்பைக் கொடுத்தேன். மயில் மூன்று முறையே வந்தது. ஒரு மாணவி எழுதிய கட்டுரை ஆறு வரிகளுக்கு மேல் இல்லை. ஆனால் நாளும் நேரமும் குறித்திருந்தாள். "அது முதலில் விசில் அடித்தது. பிறகு கடதாசி கசக்கினது. நான் அம்மாவை எழுப்பிக் காட்டினேன்" என்பது அவளுடைய இறுதி வரிகள். 'விசில்' என்பதைச் 'சீழ்க்கை' என்று திருத்தினேன். மற்ற எதையும் தொடவில்லை.

அருஞ்சொற்கள்

கருப்பொருள் – ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், விலங்கு, பறவை, மரம் முதலியன
சீழ்க்கை – உதட்டைக் குவித்து எழுப்பும் ஊதல் ஒலி
வளைமரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
மாடம் – சுவரில் உள்ள சிறு குழிவு
சரளை – சிறு கற்கள்
கபிலம் – மண்ணிறம்

பயிற்சி

1. மனைச்செவ்வாலியை வாலாட்டிக்குருவியிலிருந்து எவ்வாறு பிரித்தறியலாம்?
2. பாறையில் உள்ள எந்த நான்கு பொருள்களை இப்பறவை நகரத்திற் கண்டது?
3. செம்மை என்னும் சொல்லோடு வேறு சொற்கள் சேர்ந்து வரும் மூன்று எடுத்துக்காட்டுகள் தருக.
4. "பறவைக்கு இடிபாடும் பாறையும் ஒன்றே. மனிதனுக்கு அவை ஒன்றாக மாட்டா." இக்கூற்றைப் பற்றி உமது பாட்டனார் அல்லது பாட்டியாரிடம் கேட்டு ஒரு பந்தி எழுதுக.
5. உமது வீட்டு யன்னலில் இருந்து காணும் ஒரு பறவையை ஒரு கிழமை அவதானித்து, அதற்குத் தமிழிற் பெயர் ஒன்று ஆக்குக.